லியோன் சாரும் கச்சான் காற்றும்

லியோன் சார் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தில் ஒரு நாள் காலை மருத்துவமனையின் புறநோயாளிகள் கவுண்டர் ஏன் அப்படி நின்றுபோனது என்று மருத்துவமனை மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார். 'நெட்வொர்க் இணைப்பில் ஏற்பட்ட தற்காலிகத் தடங்கல்' என்று அடித்து, கீழே என் பெயரையும் போட்டாகிவிட்டது. அப்போது அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன் வந்தது. "சுகந்தி, அவுக போயிட்டாக" என்றார். அழவில்லை. அடக்கம் நாளைக்கு என்றும், வெளியூரில் இருக்கிற அவர் தம்பி வந்து சேர வேண்டும் என்றும் நிதானமாகச் சொன்னார். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் திரையில் இருந்த மெயில் கண்ணில் பட்டது. அதில் நான் எழுதியிருந்தது பொய். அது பொய் என்று பார்த்தவுடன் சொல்லியிருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

அவரைப் பற்றிப் பெருமையாகப் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அலுவலக இரங்கல் கூட்டத்தில் நானும் அப்படித்தான் பேசினேன். பேசி முடித்து உட்கார்ந்தபோது எனக்கு என்னையே பிடிக்கவில்லை. இந்தக் கட்டுரையை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அவருக்கு அதுதான் பொருந்தும் என்றும் நினைக்கிறேன். வேலை செய்கிற இடத்தில் வெட்கப்படத் தெரிந்த மனிதராக நான் பார்த்தது அவரை மட்டும்தான்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். முழுப் பெயர் மரிய லியோன் பர்னாந்து. தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். சென்னையில் ஒரு வங்கியில் டேட்டாபேஸ் நிர்வாகியாக இருந்துவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதால் ஊர் திரும்பியவர். டேட்டாபேஸ் நிர்வாகி என்றால் என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டால், "ஆஸ்பத்திரில பேரு சொன்னா சீட்டு வருதுல்லா, அது சீக்கிரம் வாரதுக்கு நாந்தான் பொறுப்பு" என்பார். நல்ல உயரம். மீசையை எப்போதும் ஒருபக்கம் கொஞ்சம் குறைவாகவே ஒதுக்குவார். வாய்ச் சண்டைக்கு அஞ்ச மாட்டார். அடக்கமானவர் என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது பின்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனக்கு என்ன தெரியும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும், அதைச் சொல்லவும் செய்வார்.

எங்கள் நிறுவனம் சின்னது. இந்தப் பக்கத்து மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். நான் நாசரேத்துக்காரி. அப்பா, அம்மா இருவரும் வாத்தியார்கள். என் கடுதாசியைக்கூடச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புகிற வீடு அது. அதனாலோ என்னவோ, தப்பு என்ற சொல் என் பெயருக்குப் பக்கத்தில் வந்தாலே எனக்கு ஆகாது. அவர் எங்களிடம் சேர்ந்தபோது நான் அந்தப் பிரிவின் பொறுப்பாளர். வயதில் அவரைவிடக் கொஞ்சம் இளையவள். நாலு பேர் முன்னால் என்னை 'மேடம்' என்பார். மற்ற நேரமெல்லாம் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல 'ஏளா'தான். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவர் 'மேடம்' என்று ஆரம்பித்தால்தான் பயம் வந்தது.

அவர் சேர்ந்த சமயத்தில் எங்களுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையின் கவுண்டர் எங்கள் மென்பொருளில்தான் ஓடியது, இப்போதும் ஓடுகிறது. பழைய சீட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களை அங்கே பெயரை வைத்துத் தேடுவார்கள். சில நாள் பெயரைத் தட்டியவுடன் வந்துவிடும். சில நாள் ஒவ்வொரு பெயருக்கும் திரை அப்படியே உறைந்து நிற்கும், வரிசை மருந்துக் கடை வரைக்கும் போய்விடும். ஒயரை மாற்றினோம். சர்வருக்கு நினைவகம் கூட்டினோம். இணையம் கொடுக்கிற கம்பெனியோடு சண்டை போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. கவுண்டரில் இருந்த பெண்கள், "காத்தடிச்சா கம்ப்யூட்டர் நின்னுருது மேடம்" என்றார்கள். நான் சிரித்தேன். மொட்டைமாடியில் ஒயர் ஏதும் ஆடுகிறதா என்று பார்த்து வர ஓர் எலக்ட்ரீசியனை அனுப்பியதோடு சரி.

லியோன் சார் சிரிக்கவில்லை. காற்று அடிக்கிற நாளிலும் அடிக்காத நாளிலும் போய்க் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். திரையை அதிகம் பார்க்கவில்லை, வரிசையில் நிற்கிறவர்களைத்தான் பார்த்தார் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். நான்கூட, வங்கியில் இருந்து வந்த மனிதர் இப்படி வேடிக்கை பார்க்கிறாரே என்று முணுமுணுத்தேன்.

பிறகு ஒரு நாள் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். எங்கள் படிவத்தில் பெயர் என்று ஒரு கட்டம், இரண்டாவது பெயர் என்று ஒரு கட்டம். ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயற்காட்டு ஊர்க்காரர்களும் நாசரேத்து, சாத்தான்குளத்துக்காரர்களும் இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயரை எழுதுவார்கள். அது ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும். கடற்கரைக்காரர்கள் குடும்பப் பெயரை எழுதுவார்கள். பர்னாந்து என்று தட்டினால் ஓர் ஊரே எழுந்து வரும். நாங்கள் மென்பொருளைச் செய்தபோது எங்கள் பெயர்களைப் போட்டுத்தான் சோதித்துப் பார்த்தோம். எங்களில் கடற்கரைக்காரர் யாரும் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் அலுவலகத்தை வைத்துக்கொண்டு, பர்னாந்து என்று ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்காமல் கொடுத்திருக்கிறோம்.

அதற்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். டேட்டாபேஸ் ஒரு கேள்வியை முதல் தடவை பார்க்கும்போது, எந்த வழியில் தேடலாம் என்று யோசித்து ஒரு வழி போடும். அதே கேள்வி மறுபடி வந்தால் திரும்ப யோசிக்காது, போட்ட வழியிலேயே போகும். எங்கள் சர்வர் தினமும் விடிகாலையில் அணைந்து எழும், அதனால் காலையில் முதலில் வருகிறவரின் பெயருக்குப் போட்ட வழிதான் அன்று முழுக்க ஓடும். முதலில் வருவது பெரும்பாலும் உடன்குடிப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள். அபூர்வமான பெயர்கள். அந்தப் பெயருக்கு ஏற்றபடி ஒரு வழி போட்டாகிவிடும். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று எடுத்த நாளில் படகுகள் கடலில் இறங்காது. அன்றைக்குத்தான் கடற்கரைக்காரர்கள் தள்ளிப்போட்டு வைத்திருந்த முதுகுவலியையும் சர்க்கரையையும் காட்ட வருவார்கள். வரிசை முழுக்க பர்னாந்து. வழியோ வேறு யாருக்கோ போட்டது.

நாங்கள் இன்னும் விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க ஆளுக அந்தக் காலத்துல சிப்பி எடுக்க முங்குனாங்கல்லா. ஒரே ஒரு சிப்பிதான் வேணும்னா, எடத்தக் கேட்டு நேரா முங்கி எடுத்துட்டு வந்துரலாம். வள்ளம் நெறையச் சிப்பி வேணும்னா, ஒவ்வொரு சிப்பிக்கும் ஒரு தடவ முங்கி ஒரு தடவ ஏறுவானா? கூடைல அள்ளிட்டுல்லா ஏறுவான். நம்ம டேட்டாபேஸ் ஒவ்வொரு பர்னாந்துக்கும் ஒரு தடவ முங்குது ஏளா. மூச்சு முட்டாம என்ன செய்யும்?"

அதோடு ஒரு வாக்கியம் சேர்த்தார். அலுவலகத்தில் அது பிறகு பழக்கமான பேச்சாகிவிட்டது. "கவுண்டர் நின்னா மொதக் கேள்வி இதுதான். மொத ஆளு யாருன்னு கேளுங்க."

சரிசெய்ய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. எந்தப் பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று டேட்டாபேஸுக்குத் தெரிவிக்கிற ஒரு சின்ன நிரலை எழுதி, கவுண்டர் திறப்பதற்கு முன்னால் தினமும் ஓடும்படி வைத்தார். நிறையப் பேருக்கு இருக்கிற பெயர்களுக்குத் தனி வழி. அதன் பிறகு காற்று அடித்த நாளிலும் வரிசை நகர்ந்தது. ஆனாலும் அவர் நம்பிவிட்டு உட்காரவில்லை. தன் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். காலையில் வந்ததும் ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டுவார். காற்று இருந்தால், "இன்னைக்குக் கச்சான். கவுண்டரப் பாத்துக்கோங்க" என்று பொதுவாக அறிவிப்பார். ஏசி குளிர் எல்லாம் வெளியே போகிறது, உப்புப் படிகிறது என்று நான் கத்துவேன். "கம்ப்யூட்டருக்கு உப்பு நல்லதுளா" என்பார்.

இவ்வளவு சொன்னதால் அவர் தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு தப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

பர்னாந்து என்று தேடினால் இப்போது வேகமாக வந்தது, வந்த கூட்டத்தில் எந்த பர்னாந்து என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆனது. கடற்கரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒரே பெயர்க்காரர்கள் நிறைய இருக்கிற இடத்தில் அதை வைத்துத்தான் ஆளைச் சொல்வார்கள். லியோன் சார் படிவத்தில் பட்டப்பெயர் என்று ஒரு கட்டம் சேர்த்தார். நினைத்ததுபோலவே பெயர் பட்டென்று வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மருத்துவமனை மேலாளரிடம் போய் நானே செய்ததுபோலச் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பட்டப்பெயர்களில் பாதி கேலிப் பெயர்கள். ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய தரித்திரத்தையோ உடம்பையோ வைத்துப் போட்டவை. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லலாம், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சத்தமாகக் கேட்கக் கூடாது. வயதான ஒரு அம்மாவிடம் கவுண்டரில், "பட்டப்பேரு என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பேசாமல் நின்றிருக்கிறார். மறுபடி கேட்டபோது பின்னால் இருந்த யாரோ அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அந்த அம்மா டாக்டரைப் பார்க்காமலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

இது காதுக்கு வந்த அன்று லியோன் சாரின் முகத்தை நான் பார்த்தேன். யாரும் அவரைத் திட்டவில்லை. காது மடல் வரை சிவந்து போய் உட்கார்ந்திருந்தார். "நானும் அந்தக் கரைக்காரன்தான். எனக்கே தோணல பாரு. வேகமாத்தான் இருந்துச்சு, ஒரு பொம்பளையோட மானம் போயிட்டு" என்றார். அன்றைக்கே ஸ்டெல்லா அக்காவையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுநாள் அவரை டாக்டரிடமும் கூட்டிப் போனார். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு போன் நம்பரின் கடைசி எண்களைக் கேட்கும்படி மாற்றினார்.

புதிதாகச் சேர்த்த கட்டத்தை ஏன் எடுத்தீர்கள் என்று மேலாளர் கேட்டார். நான் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். நெட்வொர்க் சுமையைக் குறைப்பதற்காக என்று. எங்கள் தொழிலில் நெட்வொர்க் என்பது ஊருக்குப் பொதுவான குப்பைத்தொட்டி, எதை வேண்டுமானாலும் அதில் போடலாம், யாரும் கிளறிப் பார்க்க மாட்டார்கள். லியோன் சார் அதைப் படித்துவிட்டு என்னிடம், "நெட்வொர்க்னு சொல்லாதீங்க மேடம்" என்றார். அறையில் வேறு யாரும் இல்லை. அப்படியும் 'மேடம்' என்றார். "நம்ம தப்புன்னு சொல்லுவோம். வரிசைல நிக்கவங்களுக்கு வேற என்னத்தக் குடுக்கப் போறோம்?" என்றார். பிறகு அவரே மருத்துவமனைக்குப் போய், கவுண்டர்க்காரர்கள், நர்சுகள் எல்லாரும் கேட்க, தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். நான் போகவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் முன்னால் அவருக்கு இதயம் பலவீனமானது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. முதலில் வீட்டிலிருந்து வேலை பார்த்தார், பிறகு அதுவும் முடியாமல் விலகிக்கொண்டார். நான் அவருடைய மேசையை எடுத்துவிட்டு அந்த ஜன்னலை நிரந்தரமாக அடைக்கச் சொன்னேன். அங்கே ஓர் அலமாரியை நிறுத்தினோம். ஏசி நன்றாகக் குளிர்ந்தது.

இந்த வருஷம் மருத்துவமனையின் பழைய சர்வரை விட்டுப் புதியதுக்கு மாறினோம். டேட்டாபேஸும் புதிய பதிப்பு. லியோன் சாரின் சின்ன நிரலைக் கொண்டு போக வேண்டுமா என்று குழுவில் கேட்டார்கள். புதியதில் எல்லாம் தானாகவே நடக்கும் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். அது பாதி உண்மை. அந்த வசதியை நாம்தான் இயக்கிவிட வேண்டும் என்பது மீதிப் பாதி. நான் அதைப் படித்துப் பார்க்கவில்லை. வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சோதித்தோம். யார் பெயர்களைப் போட்டுச் சோதித்தோம் என்று நான் எழுத வேண்டியதில்லை, படிக்கிற உங்களுக்கே இதற்குள் தெரிந்திருக்கும். ஒரே குழியில் இரண்டாவது தடவை, முதல் தடவை எப்படி விழுந்தோம் என்று நன்றாகத் தெரிந்த பிறகு.

மாறி முடித்த வாரம் அவரே போன் செய்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூச்சு விட்டு விட்டுத்தான் பேச்சு வந்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "காத்தடிக்கிற நாளைக்கு எப்பிடி இருக்கும்னு பாத்தியாளா?" நான், "எல்லாம் பாத்தாச்சு சார், நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க" என்றேன். நல்லது என்றார். அவர் நம்பினார்.

பிறகு கச்சான் எடுத்தது. அன்று காலை மேலாளர் கூப்பிட்டு, கவுண்டர் நின்றுவிட்டது, வரிசை வாசலைத் தாண்டிவிட்டது என்றார். நான் வீட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தேன். எதையும் பார்க்காமலேயே, "நெட்வொர்க் மாதிரி இருக்கு சார், பாக்கச் சொல்லுதேன்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. அவர் அதைக் கவுண்டருக்குச் சொல்ல, அவர்கள் வரிசைக்குச் சொன்னார்கள்.

அந்த வரிசையில் ஸ்டெல்லா அக்கா நின்றுகொண்டிருந்தார். விடிந்ததும் லியோன் சாருக்கு மூச்சுத் திணறி, ஆட்டோவில் கொண்டு வந்திருக்கிறார். அவசரப் பிரிவில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பழைய விவரங்களைப் பார்க்க வேண்டும், கவுண்டரில் எண் வாங்கி வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா போய்ப் பெயர் சொல்லியிருக்கிறார். பர்னாந்து. திரை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் காய்ச்சல் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு பெண், பக்கத்தில் கையில் மீன்முள் குத்தி வீங்கிப்போன ஒருவர். கம்பெனிக்காரர்கள் நெட்வொர்க் என்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று கவுண்டரில் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா திரும்பிப் போய்க் கணவரிடம், பெயரைப் போட்டதும் திரை நின்றுவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மூக்கில் ஆக்சிஜனோடு படுத்திருந்த மனிதர் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். பிறகு எனக்குப் போன் வந்தது. "சுகந்தி, அவுக ஒண்ணு கேக்கச் சொன்னாக. மொத ஆளு யாருன்னு கேக்கச் சொன்னாக."

லேப்டாப்பைத் திறந்து, காலையில் போட்டிருந்த வழியை அழித்துவிட்டு, பர்னாந்து என்று நானே முதல் ஆளாகத் தேடினேன். அவ்வளவுதான் வேலை. வரிசை நகர்ந்தது. மேலாளர் திரும்பவும் கூப்பிட்டு, "நெட்வொர்க் சரியாயிட்டா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன்.

அந்தத் தாமதத்தால் லியோன் சாருக்கு எதுவும் ஆகிவிடவில்லை. டாக்டரிடம் நானே கேட்டேன். ஸ்டெல்லா அக்கா மாத்திரைப் பையைக் கையோடு கொண்டு வந்திருந்தார், அதைப் பார்த்து உடனே சிகிச்சையை ஆரம்பித்துவிட்டோம், இதயம் ஓய்ந்துபோயிருந்தது என்றார். நான் அதை நம்புகிறேன். எனக்கு நிம்மதி கொடுக்க அது போதவில்லை. அந்த வாரத்திலேயே, நான் மேலே சொன்ன மெயிலை எழுதிக்கொண்டிருந்த காலையில், அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்குக் கூட்டம் நிறைய. கோயிலில் இருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் காற்றில் பெண்கள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். எங்கள் அலுவலக மலர்வளையத்தில் என் பெயர் பெரிதாக இருந்தது. எல்லாம் முடிந்து வீட்டில் கூட்டம் குறைந்த பிறகு, ஸ்டெல்லா அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். காப்பி கொடுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கதவைச் சாத்தினார்.

கவுண்டர் நகர ஆரம்பித்த பிறகு லியோன் சார் தன்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டதாகச் சொன்னார். சுகந்தி என்ன சொன்னாள், நெட்வொர்க் என்று சொல்லவில்லையே என்று.

"நான் இல்லன்னுட்டேன். எங்க தப்புதான்னு சுகந்தி எல்லாருக்கும் சொல்லிட்டான்னு சொன்னேன். அவுக மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசம். நம்ம ஆளுன்னாக."

என்னைக் குற்றம் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். அதையாவது செய்திருக்கலாம். அவர் கவலை வேறாக இருந்தது.

"அவுகட்ட நான் பொய் சொன்னதே இல்ல சுகந்தி. கடைசில சொல்லிட்டேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட சொல்லணும். எப்பிடிச் சொல்லன்னு தெரியல."

என் பொய்யைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, அதற்குப் பாவமன்னிப்புக் கேட்க வரிசையில் நிற்கப் போகிறார் அக்கா. என் வாழ்க்கையில் அவ்வளவு கூசிப்போய் நான் நின்றதில்லை. அப்பாவின் சிவப்பு மைக்கு நான் பயந்ததெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை. அக்கா கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்தேன். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனதும் அந்த அலமாரியை நகர்த்தச் சொன்னேன். ஜன்னல் கொக்கி துருப்பிடித்துப்போயிருந்தது, சுத்தியலால் தட்டித்தான் திறக்க முடிந்தது. கையை வெளியே நீட்டினேன். நல்ல காற்று. மெயிலை அழித்துவிட்டு மருத்துவமனைக்குப் போனேன்.

மேலாளரை அவர் அறையிலிருந்து கூட்டிக்கொண்டு கவுண்டருக்கு வந்தேன். எதற்கு இங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தார். வரிசை நீளமாக இருந்தது. எனக்குக் குரல் எழும்பவில்லை, இரண்டாவது தடவைதான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வந்தது. அன்றைக்கு இந்தக் கவுண்டர் நின்றதற்கு நெட்வொர்க் காரணமில்லை என்றேன். லியோன் சார் செய்து வைத்திருந்ததை நான்தான் வேண்டாம் என்று எடுத்தேன், சோதித்துப் பார்க்காமலேயே பார்த்தாச்சு என்று சொன்னேன், பிறகு நெட்வொர்க் என்று பொய் சொன்னேன், தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். வரிசையில் யாரும் கோபப்படவில்லை. பாதிப் பேருக்கு நான் யார் என்றே தெரியாது. முன்னால் நின்ற ஒரு பெரியவர் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது சரி, இப்பம் பர்னாந்துன்னு போட்டா வருமா?" என்று கேட்டார்.

வரும் என்றேன். லியோன் சாரின் நிரலை முந்தின நாள் இரவே திரும்ப வைத்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் தட்டினார், பெயர்கள் பட்டென்று வந்து திரை நிறைந்தது. பெரியவரின் பெயரைத் தேடிக்கொண்டே போன அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது. பர்னாந்து, மரிய லியோன். பக்கத்தில் காலமானார் என்று குறித்திருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

வெளியே வந்து ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்து, சொல்லிவிட்டேன் என்றேன். "சத்தமாவா சொன்னிய?" என்று கேட்டார். சத்தமாகத்தான் என்றேன். "சரி" என்றார். அவர் சொன்ன பொய் இதனால் உண்மையாகிவிடாது என்று எனக்குத் தெரியும். லியோன் சார் கேட்டது அந்த நாளைப் பற்றி. அந்த நாளில் நான் சொல்லவில்லை. என்னை நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் போயிருக்கிறார், அந்தப் பேருக்கு நான் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தேன்.

போய் வாருங்கள், லியோன் சார். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. ஏசியை நிறுத்திவிட்டோம், மேசையெல்லாம் உப்பு. இன்றைக்கும் கச்சான். கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறேன்.